டைனமோவில் பதிந்த குரல்

1

சென்ற சனிக்கிழமை காலை, இங்கே பலேர்மோவின் போர்கோ வெக்கியோ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். அறுபத்தெட்டு வயதில் எனக்கு எஞ்சியிருக்கும் அதிகாரம் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது ஒன்றுதான். பக்கத்து மதுக்கடை வாசலில் நான்கு இளைஞர்கள் நின்றார்கள். மூக்கில் வளையம் போட்ட ஒருவன் என்னைக் கண்டதும் பியர் போத்தலை உயர்த்தி, "அண்ணை! தூக்கப் போறம்!" என்று கத்தினான். மற்ற மூவரும் அதையே திருப்பிக் கத்திப் போத்தல்களை முட்டிக்கொண்டார்கள்.

மீன்காரன் சிரித்தான். "பாலா, உங்கள் பாஷையில் வாழ்த்துச் சொல்கிறார்கள். பதில் சொல்லு."

நான் தலையை ஆட்டிவிட்டுக் காசைக் கொடுத்தேன்.

அது வாழ்த்து இல்லை. எங்கள் அம்மாவின் உடலை வீட்டிலிருந்து எடுப்பதற்குச் சற்று முன் என் தம்பி சொன்ன வாக்கியம். அவனும் இப்போது இல்லை. இல்லை என்று எழுதவும் எனக்கு உரிமை கிடையாது, காணாமற் போனவன். அவனுடைய குரல் ஓர் இத்தாலியப் பங்க் இசைத்தட்டின் முதல் நாற்பது வினாடிகளில் இருக்கிறது. அந்தத் தட்டு வெளிவந்து இந்த மாதத்தோடு முப்பது ஆண்டுகள். மறுபதிப்புப் போடுகிறார்கள். அதையொட்டி எங்கள் வீட்டில் நடந்தவற்றை ஊரில் இருக்கும் நீங்கள் அறியவேண்டும் என்று நினைத்தேன். வெளிநாட்டில் இருப்பவன் எழுதினால் காசைப் பற்றி எழுதுவான், இல்லையென்றால் குளிரைப் பற்றி எழுதுவான் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். இது இரண்டுமில்லை.

2

யாழ்ப்பாணம் அரசாங்கக் கச்சேரியில் புள்ளிவிபரப் பகுதி எழுதுவினைஞனாக இருந்தவன் நான். இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்து லிபெர்த்தா பகுதியில், சிக்னோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீமாட்டியின் வீட்டில் துணி மினுக்கவும், படுக்கையில் கிடந்த அவருடைய கணவரைப் புரட்டிக் கழுவவும் சேர்ந்தேன். அந்த வீட்டின் கடைசி மகன் சால்வோ. சட்டம் படிக்கிறான் என்று சிக்னோரா எல்லோருக்கும் சொல்லுவார். அவன் நிலவறையில் படித்தது வேறு.

பங்க் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்கு: மூன்று சுரம், இரண்டு நிமிடம், மிச்சமெல்லாம் கோபம். நன்றாக வாசிக்கத் தெரிந்தால் மதிப்புக் குறைவு. சால்வோவின் நண்பர்கள் பதிவுசெய்து அனுப்பிய நாடாவை மிலானில் இருந்த பெரிய கம்பெனி திறந்தும் பார்க்காமல் திருப்பி அனுப்பியது. சால்வோ, தகப்பன் வாங்கிக்கொடுத்த மோட்டார் சைக்கிளை விற்று, முந்நூறு தட்டுகளைத் தானே அச்சடிப்பித்தான். கம்பெனிக்கு உமிதோ என்று பெயர் வைத்தான். உமிதோ என்றால் ஈரம். நிலவறைச் சுவர் மாரி காலம் முழுவதும் வேர்த்தபடி இருக்கும். பின்னாளில் நகரசபை குப்பையைப் பிரிக்கச் சொன்னபோது ஈரக்குப்பை வாளியிலும் அதே சொல்லை எழுதினார்கள். சால்வோவுக்கு அதில் பெரிய சந்தோசம்.

தட்டுகள் வடக்கே அச்சாகி ஜெனோவாக் கப்பலில் வரும். துறைமுகத்திலிருந்து பெட்டிகளை ஏற்றி இறக்கியது நான். உறைகளைப் போட்டோக்கொப்பி எடுத்து, சிக்னோராவின் படுக்கை விரிப்புகளை மினுக்கும் அதே மேசையில், அதே அயன்பெட்டியால் மடிப்பு வைத்ததும் நான். ஒவ்வோர் உறையிலும் கையால் இலக்கம் போடவேண்டும் என்று சால்வோ சொன்னான். இலக்கம் என்றால் என்னிடம் கொடுக்கவேண்டியதுதானே. நாற்பத்தாறு வெளியீடுகள். பதினாறாயிரத்துச் சொச்சம் உறைகளில் இருப்பது என் கையெழுத்து. யப்பானில் ஒருவர் நான் எழுதும் ஏழாம் இலக்கத்தை வைத்தே உண்மைத் தட்டா போலியா என்று கண்டுபிடிக்கிறாராம்.

அந்தக் கம்பெனியில் ஒப்பந்தம் என்று எதுவும் எழுதமாட்டார்கள். தட்டுகளில் பாதி பாடியவர்களுக்கு, பாதி சால்வோவுக்கு. விலையை உறையிலேயே அச்சடித்து, "இதற்குமேல் கொடுக்காதே" என்றும் அச்சடிப்பார்கள். கடைக்காரர்கள் இதற்காகவே அவனை வெறுத்தார்கள். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் கத்தானியாவில் ஒருவன், நாப்போலியில் இரண்டு பேர், இன்னும் தெற்கே ஒரு பெண்பிள்ளை, எல்லோரும் இதே முறையில் ஆளுக்கொரு கம்பெனி தொடங்கினார்கள். பலேர்மோவுக்கு வந்து நிலவறையில் இரண்டு நாள் படுத்தெழும்பி, மடிப்பு வைப்பது எப்படி என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போவார்கள். சிக்னோரா மட்டும் கடைசிவரை ஒன்றையும் அறியவில்லை. கீழே வாத்தியம் முழங்கும்போது, கழிவுநீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று இரண்டு தடவை குழாய்காரனைக் கூப்பிட்டார்.

3

அம்மா இறந்தபோது எனக்கு முப்பத்தேழு வயது. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதற்குக் கொடுத்திருந்தேன். கடவுச்சீட்டு குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் கிடந்தது. கடவுச்சீட்டு கையில் இருந்தாலும் அந்த யுத்த காலத்தில் ஊருக்குப் போகப் பாதை இல்லை என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொலைபேசியும் இல்லை. கொழும்புக்கு வந்த ஒருவரின் கையில் தம்பி ஒரு கடிதமும் ஒரு கசெட்டும் கொடுத்தனுப்பினான். மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்தன.

செத்தவீட்டைப் பதிந்து வெளியில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவது அப்போது எங்கள் பகுதியில் நடந்த வழக்கம். வசதியானவர்கள் வீடியோ எடுத்தார்கள். எங்களுக்குக் கசெட். ஆனால் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. எனவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரெக்கோர்டரில் கொழுவி, கந்தையா மாமா பெடலைக் கையால் சுற்றியிருக்கிறார். மாமாவுக்கு மூச்சிழுப்பு நோய். அவர் நன்றாகச் சுற்றும்போது பதிவு சரியாக ஓடுகிறது. களைக்கும்போது நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் போட்டுக் கேட்டால் அந்த இடமெல்லாம் குரல் உயர்ந்து மெலிந்து பறக்கும்.

இருபத்தெட்டு நிமிடம் தம்பி எனக்கு நேர்முக வருணனை செய்கிறான். "அண்ணை, இப்ப பெரியம்மா வந்து விழுந்து அழுறா. அண்ணை, சுண்ணம் இடிக்கினம். அண்ணை, பறை கேக்குதோ?" கடைசியில், மாமாவுக்கு மூச்சு முட்டிவிட்ட இடத்தில்: "அண்ணை, இப்ப அம்மாவைத் தூக்கப் போறம். நீங்கள் யோசியாதேங்கோ."

நிலவறையில் உறை மடிக்கும்போது அதைப் போட்டுக் கேட்பேன். வீட்டில் கேட்க முடியாது. புதிதாக மணமுடித்து வந்திருந்த என் மனைவி கமலாவுக்குப் பயம். அவள் திருகோணமலை, என் வீட்டு ஆட்களை ஒருநாளும் கண்டதில்லை. ஒருநாள் சால்வோ படியில் நின்று முழுவதையும் கேட்டான். முடிந்ததும் வந்து என் பக்கத்தில் இருந்து உறை மடித்தான். அவனுடைய மடிப்பு எப்போதும் கோணல். பிறகு, "பாலா, இதைத் தருவாயா?" என்று கேட்டான். அந்த நகரத்தில் என் அம்மாவின் செத்தவீட்டை முழுதாக இருந்து கேட்ட ஒரே மனிதன் அவன். கொடுத்தேன்.

மறு ஆண்டு இடப்பெயர்வு. அதற்கடுத்த ஆண்டு ஊருக்குத் திரும்பி வேலைக்குப் போன தம்பியைக் காவலரணில் ஆமிக்காரர் இறக்கினார்கள் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவ்வளவுதான்.

4

அந்த நாடாவின் கடைசி நாற்பது வினாடிகளோடு தொடங்கும் தட்டு உமிதோவின் எட்டாவது வெளியீடு. போர்கோ வெக்கியோப் பெடியன்கள் நான்கு பேர் வாசித்தார்கள். பறை அடிப்பவன் நிறுத்தும் இடத்தில் அவர்களுடைய டிரம் அதே அடியைப் பிடித்துக்கொண்டு கிளம்பும். டிரம் அடித்தவன் துறைமுகத்தில் சுமை தூக்குபவன். தூக்குவது என்றால் என்ன என்று நான் விளங்கப்படுத்தியபோது அவன் தொப்பியைக் கழற்றினான். நால்வரில் இருவர் போதை ஊசி போட்டே செத்தார்கள். மூன்றாமவனின் விலாசம் யாருக்கும் தெரியாது.

தட்டு மட்டும் நிலைத்தது. அந்த நடுங்கும் குரல் ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று எழுதினார்கள். ஜெர்மனியில் பாடகர்கள் ஓடும் நாடாவில் விரலை வைத்துத் தங்கள் குரலை நடுங்கச் செய்தார்கள். அதற்குப் பலேர்மோப் பாணி என்று பெயர். கச்சேரிகளில் அந்த நாற்பது வினாடியும் கூட்டம் சேர்ந்து சொல்லும். அர்த்தம் தெரியாது; ஓசை பிசகாது. பொலோஞ்ஞாவிலிருந்து ஆராய்ச்சி செய்ய வந்த ஒரு பெண், சால்வோ மனிதக் குரலை ஏன் சிதைத்தார் என்று என்னிடம் அரை மணித்தியாலம் கேட்டாள்.

"மகளே, சுற்றினவருக்குக் கை உளைந்தது" என்றேன்.

அவள் அதை எழுதி அடிக்கோடிட்டாள். ஏதோ தத்துவம் என்று நினைத்திருப்பாள்.

எனக்கு வேறொரு கணக்கு இருந்தது. என்னிடம் இருந்த கசெட் தேய்ந்து போயிற்று. சால்வோ எடுத்துவைத்த பிரதி ஒன்றே மிச்சம். அதிலும் என் தம்பியின் உண்மையான குரல் இல்லை. மாமாவின் இழுப்புக் கலந்த குரல்தான் இருக்கிறது. சாவதற்கு முன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவனுடைய சரியான குரலைக் கேட்கவேண்டும். முப்பது ஆண்டுகளாக எனக்கு இதைவிட வேறு ஆசை இருந்ததாக ஞாபகம் இல்லை.

5

இப்போது சிக்னோரா இல்லை. வீட்டை விற்றாயிற்று, நிலவறையை உல்லாசப் பயணிகளுக்கு அறையாக்குகிறார்கள். சால்வோ மூக்கில் ஒட்சிசன் குழாயோடு தமக்கை வீட்டில் இருக்கிறான். இந்த மறுபதிப்போடு உமிதோ முடிகிறது. அதைச் செய்து முடிக்கும் பொறுப்பு யாரிடம் என்றால் என் மகள் நிரோஜாவிடம்.

அவள் கணக்காளர் ஆவாள் என்று நினைத்தேன். ஒலிப்பதிவு படித்தாள். தலையின் ஒரு பக்கத்தை மழித்தாள். கோயில் திருவிழாவுக்கு வரமாட்டாள், தமிழ் வகுப்பை ஒன்பது வயதில் விட்டாள், என்னோடு கதைத்தால் இரண்டாவது சொல் சிசிலியனாக இருக்கும். கமலா என்னையே குற்றம் சொல்லுவாள்: "செத்தவீட்டுச் சத்தத்துக்கு ஊரெல்லாம் நிண்டு ஆடுது. உங்களுக்கு அது காணாதெண்டு பெத்த பிள்ளையையும் அதுக்குள்ள தள்ளி விட்டியள்."

மறுபதிப்புக்குப் பதிப்புரிமை அலுவலகத்தில் பத்திரம் நிரப்பவேண்டியிருந்தது. குரலுக்குரியவர் உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? இரண்டு கட்டம். இறந்தவர் என்றால் சான்றிதழ் இணைக்கவேண்டும். உயிருடன் என்றால் அவரே ஒப்பமிடவேண்டும்.

"இரண்டும் இல்லை" என்றேன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம்.

"ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கவேண்டும், சிக்னோரே."

"எங்கள் நாட்டில் கட்டாயம் இல்லை."

அவள் மேலதிகாரியைக் கேட்கப் போனாள். நான்கு தடவை போய்வந்தோம். கடைசியில், நெருங்கிய உறவினர் என்று நான் ஒப்பமிட்டால் போதும் என்றார்கள். ஒப்பமிட எனக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அன்று பின்னேரம் நிரோஜாவோடு சால்வோவிடம் போய் அதைச் சொன்னேன்.

"குரலைத் திருத்தவேண்டும். இப்போது கணினியால் முடியுமாம். திருத்தாமல் விடமாட்டேன்."

சால்வோ மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். "பாலா, அந்த நடுக்கத்துக்காகத்தான் வாங்குவார்கள்."

"என் தம்பி நடுங்கிக் கதைத்தவன் இல்லை."

அவன் நிரோஜாவைப் பார்த்தான். பிறகு, "சரி. எது சரியான குரல் என்று நீ சொல்லு. நீ சொல்லுவதை அச்சடிப்போம். அச்சுக்கு அனுப்பும் நாளுக்குள் சொல்லாவிட்டால் பழையதே போகும்" என்றான். நான் ஒப்பமிட்டேன்.

6

நிரோஜா ஆறு கிழமை அந்த வேலையில் இருந்தாள். வேகம் மாறிய பதிவைத் திருத்த வழக்கமாக ஒரு வழி உண்டாம். மின்சாரத்தில் ஓடும் கருவி எதிலும் மெல்லிய இரைச்சல் பதிந்திருக்கும். அந்த இரைச்சலின் அளவு எல்லோருக்கும் தெரியும். அதை நேராக்கினால் குரலும் தன் இடத்துக்கு வந்துவிடும்.

"ஆனா அப்பா, இதில அந்த இரைச்சல் இல்ல. ஏன் இல்ல?"

"எங்கட ஊரில கரண்ட் இல்லையடி பிள்ளை."

அவள் காதில் மாட்டியிருந்த குமிழைக் கழற்றினாள். அவளுக்கு நான் யுத்தத்தைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அது விளங்கியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு அவளே ஒரு வழி கண்டாள். அந்த நாடாவில் தம்பி நாற்பத்தொரு தடவை அண்ணை என்று சொல்கிறான். ஒவ்வோர் அண்ணையும் ஒவ்வோர் உயரம். ஒன்றோடொன்று ஒப்பிட்டு எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தாள். சாப்பிடும்போதும் காதில் குமிழ். கமலா சோற்றைப் போட்டுவிட்டு, "இஞ்சாருங்கோ, இவள் என்ன, உங்கட தம்பியோட குடித்தனம் நடத்துறாளோ?" என்று கேட்டாள். நிரோஜாவின் வாயில் என் தம்பியின், அவளுடைய சித்தப்பாவின், தமிழ் வரத் தொடங்கியது. கோப்பையை எடுக்கச் சொன்னால், "யோசியாதேங்கோ, எடுக்கிறன்" என்பாள்.

ஒருநாள் வந்து சொன்னாள்: "அப்பா, எல்லா அண்ணையையும் நேராக்கிட்டன். இப்ப நடுக்கம் இல்ல. ஆனா முழுசா எவ்வளவு மேல, எவ்வளவு கீழ வைக்கிறதெண்டு மெசினுக்குத் தெரியாது. குரலைத் தெரிஞ்ச ஆள் சொல்ல வேணும்."

முதலில் ஊருக்குப் போன் எடுத்தோம். என் சித்தப்பாவின் மகள் தவம் ஊரை விட்டு அசையாதவள். தம்பியோடு ஒரே வளவில் இருந்தவள். கைபேசியில் முகம் தெரியக் கூப்பிட்டு, ஓர் அளவில் போட்டுக் காட்டினோம்.

"ஐயோ அண்ணை, அவனேதான்!" என்று அழுதாள்.

நிரோஜா கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டாள்.

"ஓம் ஓம், இது இன்னும் சரி."

மேலே ஏற்றிப் போட்டாள்.

"இதுதான் அண்ணை, இதுதான்."

"தவம், மூண்டும் சரியா வராதடி. வடிவா யோசிச்சுச் சொல்லு."

தவம் கண்ணைத் துடைத்தாள். "அண்ணை, எத்தினை வருசமாச்சு. உங்களுக்கு எது வேணுமோ அதைச் சொல்லுறன்."

7

அச்சுக்கு அனுப்பவேண்டிய நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் நிரோஜா தன் அறையில் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் என்னைக் கதிரையில் இருத்தினாள். கமலா கதவோரம் நின்றாள்.

"நான் கீழயிருந்து மெதுவா ஏத்துறன். சரியான இடத்தில 'நிப்பாட்டு' எண்டு சொல்லுங்கோ."

கடைசி வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். நடுக்கம் இல்லை. மாமாவின் களைப்பு இல்லை. முதலில் கனத்த ஒரு குரல் சொன்னது: அண்ணை, இப்ப அம்மாவைத் தூக்கப் போறம். ஒரு புள்ளி ஏற்றினாள். இன்னொரு ஆண்குரல். இன்னொரு புள்ளி. எல்லாம் தெளிவான, நல்ல, இருபத்தொரு வயதுக் குரல்கள். எந்தத் தெருவிலும் எந்த இளைஞனுக்கும் இருக்கக்கூடியவை. நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன்.

"அப்பா, இதா?"

"இன்னும் போ."

"இருபத்தொரு வயசெண்டால் இந்த இடம்தான் வரும். இதுக்குமேல போனாப் பிழை."

"போ."

அவள் ஏற்றினாள். குரல் மெலிந்தது, ஓரங்கள் போயின, உடைந்திருந்தது ஒட்டிக்கொண்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நிப்பாட்டு."

"அப்பா, இது சின்னப் பிள்ளைட குரல்."

"ஓம்."

"ஆனா சித்தப்பா அப்ப பெரிய ஆள்."

ஓம், பெரிய ஆள். ஆனால் நான் ஊரை விட்டு வரும்போது அவனுக்குப் பதின்மூன்று. என் பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணை என்று கத்தியவன். அதற்குப் பிறகு போன் இல்லை, கடிதம் மட்டும். கடிதத்தில் குரல் உடைவது கேட்காது. அவன் வளர்ந்த குரலை இந்த நாடாவைத் தவிர வேறெங்கும் நான் கேட்டதில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை அடையாளம் சொல்லுவேன் என்று என் பிள்ளை ஆறு கிழமை உழைத்திருக்கிறாள். முப்பது ஆண்டுகளாக நானும் அப்படியே நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். எத்தனையோ எண்ணினேன், இந்தக் கழித்தலை மட்டும் செய்து பார்க்கவில்லை.

அதைச் சொன்னேன். கமலா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். நிரோஜா பழைய தட்டை எடுத்துப் போட்டாள். அந்த நாற்பது வினாடிகள். தொடக்கத்தில் யாரோ ஓர் ஆண்பிள்ளை. மாமாவுக்குக் கை உளைய உளைய அவன் மேலே மேலே போனான். கடைசிச் சில வினாடிகளில், மாமா மூச்சுத் திணறிய அந்த இடத்தில், பதின்மூன்று வயதுப் பிள்ளை வந்து நின்று, நீங்கள் யோசியாதேங்கோ என்று எனக்குச் சொன்னான். பிறகு டிரம் அடித்தது.

"இதையே அனுப்பு" என்றேன்.

"திருத்தினதை என்ன செய்ய?"

"வைச்சிரு. அந்த இளந்தாரியை எனக்குத் தெரியாது."